சமுதாயக் கூடத்தில் கீழ்த்தள அறை கேட்டு மனு

அனுப்புநர்:
பிரிட்ஜ் என்னும் சீட்டாட்டம் ஆடும் முதியோர் சார்பில்,
மன்றச் செயலாளர் (வயது 78)

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்

பொருள்: மாடியில் ஆடிவரும் பிரிட்ஜ் ஆட்டத்தைக் கீழ்த்தள அறைக்கு மாற்ற அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் வார்டு சமுதாயக் கூடத்தின் மாடியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாலை 4 மணிக்குக் கூடி பிரிட்ஜ் ஆடி வருகிறோம். ஒரு காலத்தில் ஐந்து மேசை போட்டோம். இப்போது மிச்சம் நான்கே பேர். இளையவருக்கு 71, மூத்தவருக்கு 92.

மூத்தவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். காலையில் இட்லி சாப்பிட்டாரா தோசையா என்பது அவருக்கு மறந்துபோகும். ஆனால் எந்தச் சீட்டு இறங்கியது, எது யார் கையில் நிற்கிறது என்பது 13 பிடியும் (சுற்றும்) முடியும்வரை மறக்காது. தப்பாக இறக்கினால் இன்றைக்கும் எங்களுக்குத் திட்டு விழும். மூளைக்குக் குறையில்லை, முழங்கால்தான் ஒத்துழைக்கவில்லை. படிகள் 22. இரண்டு மாதமாக அவரால் ஏற முடியவில்லை.

ஒருவர்தானே வரவில்லை என்று தாங்கள் நினைக்கலாம். எதிரெதிரே இருவர் இருவராக ஜோடி சேர்ந்து ஆடுவது இது, மூன்று பேரை வைத்துக்கொண்டு ஆட வழியில்லை. மற்ற மூவரும் ஃப்ளாஸ்க் காபியைக் குடித்துவிட்டு வீடு திரும்புகிறோம்.

கீழ்த்தளத்தில் ஓர் அறை உடைந்த நாற்காலிகளோடு பூட்டிக் கிடக்கிறது. நேரில் போய்க் கேட்டபோது, "சீட்டுக் கச்சேரிக்கெல்லாம் அரசு இடமா?" என்றார் ஓர் அலுவலர். அவர்மேல் வருத்தமில்லை, எங்கள் வீட்டிலும் இதையேதான் சொல்கிறார்கள். ஆனால் நாங்கள் காசு வைத்து ஆடுவதில்லை. நோட்டுப் புத்தகத்தில் புள்ளி எழுதுவதோடு சரி. ரம்மி பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1967-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், அதில் உள்ள அதிர்ஷ்டம் பிரிட்ஜில் சீட்டுப் பகிர்வதில் உள்ளதைப் போன்றதே என்று பிரிட்ஜைத்தான் உதாரணம் காட்டியது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தன் (60), ஷிப்நாத் சர்க்கார் (56) ஜோடி இதே ஆட்டத்தில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தது.

ஆகவே அந்த அறையைக் காலி செய்து மாலை 4 முதல் 7 வரை எங்களுக்கு ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறோம். வாசல் படிக்கு ஒரு சாய்தளமும், இரண்டு டியூப்லைட்டும் போட்டுத் தந்தால் போதும். மங்கிய வெளிச்சத்தில் ஆர்ட்டினும் டைமனும் எங்கள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகின்றன. மின்கட்டணத்தையும் துப்புரவையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். மருத்துவ முகாம் நடக்கும் நாட்களில் அறையை விட்டுக் கொடுப்போம்.

வாத்தியாருக்கு வரும் தை மாதம் 93 பிறக்கிறது. அதற்கு முன்பாக ஆவன செய்யக் கோருகிறோம்.

இப்படிக்கு,
மன்றச் செயலாளர்
(நால்வரின் கையொப்பம் இணைக்கப்பட்டுள்ளது, நான்காவதை அவர் வீட்டுக்கே போய் வாங்கி வந்தோம்)