ரேம் வாங்கச் சொல்லாதே, மாப்பிள்ளை

ஈரோடு

அன்புள்ள செந்தில்,

நலம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? பொங்கலுக்கு அப்புறம் எழுதவே இல்லை என்று திட்டுவதையெல்லாம் நேரில் வைத்துக்கொள்.

குண்டுமணி சொன்னான். உங்கள் பனியன் கம்பெனியில் அந்த 20 ஜிபி மெஷின் லாக்கில், அதாவது மெஷின் ஓட ஓட எழுதி வைக்கும் ஃபைலில், எத்தனை வரி என்று பார்க்கப் போய் கம்ப்யூட்டர் நின்றுவிட்டதாம், நீ முதலாளியிடம் இன்னும் ரேம், அதாவது மெமரி, கேட்கப் போகிறாயாம். கேட்காதே மாப்பிள்ளை. நிரலில் ரீட்லைன்ஸ், அதாவது எல்லா வரியையும் ஒரேயடியாகப் படி என்கிற கட்டளையை, எழுதினால் பைத்தான் மொழி முழு ஃபைலையும் மெமரியில் ஏற்றத்தான் செய்யும். வரிக்கு வரி தனிச் சுமை வேறு சேரும், 20 ஜிபியும் போதாது. மஞ்சள் மண்டியில் மூட்டையை லாரியிலிருந்து இறங்க இறங்கத்தானே எண்ணுகிறார்கள்?

அதே மாதிரி ஃபார் லூப்பில், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளையில், வரி வரியாக ஓட்டி, ஒன்று ஒன்றாகக் கூட்டு. ஒரு நேரத்துக்கு ஒரு வரிதான் மெமரியில் நிற்கும். ஆனால் சில மெஷின்கள் வரியே முறிக்காமல் கொட்டும், அப்போது இதுவும் திணறும். அதனால் எனக்குப் பிடித்த வழியைச் சொல்கிறேன். ஃபைலை பைனரியாக, அதாவது எழுத்தாக மாற்றாமல் வெறும் பைட்டுகளாகத் திறந்து, ஒவ்வொரு மெகாபைட்டாகப் படித்து, வரி முறிவுக்கான பைட்டை, அதாவது மதிப்பு 10 உள்ளதை மட்டும் எண்ணு. தமிழ் எழுத்து நடுவில் வெட்டுப்பட்டாலும் கணக்கு பிசகாது. யூடிஎஃப்-8 என்கிற எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மூன்றுமே 128-க்குக் குறையாது. 10 உள்ளே நுழைய வழியே இல்லை. என்ன அழகான ஏற்பாடு, பார்!

லினக்ஸ் இருந்தால் வரி எண்ணும் டபிள்யூசி கட்டளையே போதும். 1971-இல், லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் முதல் பதிப்பிலேயே இருந்தது. அதுவும் முறிவைத்தான் எண்ணும். கடைசி வரி முறிவில்லாமல் முடிந்தால் ஒன்று குறைத்துக் காட்டும், பதறாதே.

எனக்குக் கவலையெல்லாம் உங்கள் பீஸ் ரேட் கூலி சிஎஸ்வி மேல்தான், அதாவது காற்புள்ளி வைத்துப் பிரித்த அந்த அட்டவணை ஃபைல். குறிப்பு எழுதும் கட்டத்துக்குள் யாராவது என்டர் தட்டியிருந்தால் ஒரே பதிவு இரண்டு வரியாகக் கிடக்கும். வரி எண்ணிக்கையை வைத்துக் கூலிக் கணக்கைச் சரிபார்த்தால், கணக்கு இடிக்கும்போது கேள்வி கேட்கப்படுவது டெய்லர் அக்காமார்கள்தான். அந்த ஃபைலுக்கு மட்டும் பைத்தானோடு வரும் சிஎஸ்வி மாட்யூல் வைத்துப் பதிவு பதிவாக எண்ணு. அதுவும் மொத்தத்தையும் மெமரியில் ஏற்றாது.

முதலாளியிடம் பேசுவதற்கு முன்னால் இதை ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்குக் கூப்பிடு.

உன்
கதிர்