பாஸ்வேர்டு பிள்ளை கையில், பூட்டு எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

பாடத்துக்கென்று வாங்கும் லேப்டாப்பில் முதல் நாள் தொடங்கிய ஒரே அக்கவுண்ட்டைத்தான் பல வீடுகளில் அப்பா, அம்மா, பிள்ளை எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். அது அட்மின் அக்கவுண்ட். எதையும் நிறுவலாம், எந்தத் தடையையும் நீக்கலாம். குறை பிள்ளையிடம் இல்லை.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், ஃபேமிலி என்று போய்ப் பிள்ளைக்குத் தனி அக்கவுண்ட் சேர்த்தால் நேர வரம்பு வைக்கலாம். 2 முதல் 5 வயது வரை நாளுக்கு 1 மணி நேரம், 5 முதல் 10 வரை 2 மணி நேரத்துக்குள் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அளவு. டிவியும் மொபைலும் இதற்குள் அடக்கம். ஆனால் வரம்பு அக்கவுண்ட்டுக்குத்தான், லேப்டாப்புக்கு அல்ல. அப்பாவின் பின் நம்பர் தெரிந்த பிள்ளைக்கு அது பொருட்டே இல்லை. பிறந்த ஆண்டைப் பின் நம்பராக வைப்பதை முதலில் விட வேண்டும்.

இந்த ஃபேமிலி வசதியில் உள்ள இணையதள வடிகட்டி எட்ஜ் பிரவுசரில் மட்டுமே வேலை செய்யும். அதனால் அதை இயக்கியதும் குரோம் போன்றவை தடுக்கப்படும். "குரோம் திறக்கல்லம்மா" என்றவுடன் வடிகட்டியையே அணைத்துவிடுகிறார்கள். எட்ஜைப் பழக்கினால் போதும். ரௌட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அது இருக்கும் இடத்தைத் தேடித்தரும் சேவை) முகவரியை 1.1.1.3, 1.0.0.3 என்று மாற்றினால் வீட்டு வைஃபையில் ஆபாசத் தளங்கள் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் மொபைல் ஹாட்ஸ்பாட்டை இணைத்தால் ரௌட்டருக்கு அங்கே வேலை இல்லை.

வளைகுடாவில் அப்பா இருக்கும் வீடுகள் நம் மாவட்டத்தில் ஏராளம். விண்டோஸின் இந்த ஃபேமிலி குழுவில் அவரையும் சேர்க்கலாம். பிள்ளை என்ன பார்த்தது என்ற வாராந்திர அறிக்கை அங்கேயே மின்னஞ்சலில் வரும். சிக்கல் வேறு. இங்கே இரவு ஒன்பதுக்கு அம்மா மறுத்த கூடுதல் நேரத்தை, துபாயில் ஏழரை மணிக்கு அப்பா பாசத்தில் அனுமதித்துவிடுவார். யார் பதில் சொல்வது என்று இருவரும் முன்பே பேசி வைக்க வேண்டும்.

கணினி ஹாலில், திரை அறையைப் பார்த்தபடி இருக்கட்டும். ஹெட்போன் வேண்டாம், என்ன ஓடுகிறதென்று அடுக்களைக்கும் கேட்க வேண்டும்.

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களுக்கு லேப்டாப்பைக் கொண்டுவரச் சொல்லி, அரை மணி நேரம் ஒதுக்கி, பெற்றோர் கையாலேயே பிள்ளைக்கான தனி அக்கவுண்ட்டைத் தொடங்க வைக்க மாவட்டப் பள்ளிகள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
கணினிப் பயிற்றுநர்கள்,
தக்கலை.