எல் பட்டை இருக்கிறது, கொலைதான் இல்லை

அன்புள்ள சித்ரா,

பதில் போட இவ்வளவு நாள் எடுத்ததற்கு மனசுக்குள் திட்டித் தீர்த்திருப்பாய். சரி, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் நலம், மூர்த்தி இன்னும் அதே மூர்த்திதான். விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கொலையாளி ஈஸ்டின் ஜெல் படம், ஆர்என்ஏவை நீளவாரியாகப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டுவது, பார்த்தேன். எல்-ஏ ஈஸ்ட் செல்லுக்குள் குடியிருக்கும் வைரஸ்; எம்1 அதை அண்டி வாழும் துணை ஆர்என்ஏ, மற்ற ஈஸ்டைக் கொல்லும் கே1 நச்சைத் தருவது அதுதான். "எம்1 போய்விட்டது, எல்-ஏ பத்திரம்" என்று உன் ஆய்வகப் பையன் அடியில் எழுதியிருக்கிறான். முதல் பாதி சரியாக இருக்கலாம். இரண்டாம் பாதிக்கு அந்தப் படத்தில் ஆதாரமே இல்லை, தாயே! 4.6 கிலோபேஸில் (4,600 எழுத்து நீளத்தில்) நிற்கும் பட்டை எல்-ஏ என்று யார் சொன்னது? பல ஈஸ்ட் ரகங்களில் எல்-பிசி என்ற இன்னொரு வைரஸும் குடியிருக்கிறது. நீளம் ஏறக்குறைய அதேதான், எண்ணிக்கை மட்டும் குறைவு. எல்-ஏ முழுக்கத் தொலைந்த செல்லிலும் அந்த இடத்தில் மங்கலாக ஒரு பட்டை தெரியும். உன் படத்தில் இருப்பதும் மங்கல்தான். இரண்டுக்கும் தனித்தனி பிரைமர் (வரிசையை அடையாளம் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) வைத்து, ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கிப் பெருக்கும் ஆர்டி-பிசிஆர் ஓட்டாமல் ஒரு வரிகூட எழுத விடாதே.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: கொலை இல்லை என்பதை எந்தப் பிளேட்டில் பார்த்தான்? சாதாரண ஒய்பிடி வளர்ப்பூடகம், 30 டிகிரி என்றால் அது சோதனையே இல்லை. கே1 நச்சு அமிலத்தில்தான் வேலை செய்யும். சிட்ரேட்-பாஸ்பேட் பஃபரில் பிஎச் 4.6 முதல் 4.8 வரை, செத்த செல்லை நீலமாக்கும் மெத்திலீன் ப்ளூ 0.003 சதவீதம், வெப்பம் 20 டிகிரி வாக்கில். 25-ஐத் தாண்டினால் நச்சு நிலைக்காது. அகரை ஊற்றும் சூட்டில் பஃபர் சேர்க்க மறந்து, கொலை வளையம் வரவில்லை என்று வைரஸின் மேல் பழி போடுவது காலங்காலமாக நடப்பதுதான். இன்னொன்றும் செய்யச் சொல்: சந்தேகப்படும் ரகத்தையே விரிப்பாகப் பரப்பி, நல்ல கொலையாளி ஒன்றை நடுவில் வை. நச்சுக்கான எதிர்ப்பையும் தருவது அந்த எம்1-தான் என்பதால், எம்1 இழந்த செல் சாகும். செத்தால் சந்தேகம் தீர்ந்தது.

இப்போது உன் கேள்வி. "செல்லுக்குள் வைரஸ் எப்போது உடைந்து திறக்கிறது?" உடைவதே இல்லை, சித்ரா. மற்ற எல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. வைரஸின் ஈரிழை ஆர்என்ஏ ஒருமுறை அதன் புரதக் கூட்டுக்குள் உருவாகிவிட்டால் பிறகு வெளியே தலைகாட்டாது. கூட்டுக்குள்ளேயே ஆர்என்ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதி இருக்கிறது. அது மைனஸ் இழையைப் படித்துப் புதிய பிளஸ் இழை எழுதுகிறது. பழைய ஜோடி குலையாமல் உள்ளேயே இருக்க, புதியது மட்டும் கூட்டின் சிறு துளை வழியே வெளியே வருகிறது. வந்தது ரைபோசோமுக்குப் போனால் புரதம். புதிய கூட்டுக்குள் போனால், அங்கே மைனஸ் இழை எழுதப்பட்டு மறுபடி ஈரிழை. பிளஸ் ஒரு கூட்டில், மைனஸ் இன்னொரு கூட்டில், வேறு நேரத்தில். இரண்டும் ஒரே மூச்சில் எழுதப்படுவதாக நினைத்துத்தான் நீ குழம்பியிருக்கிறாய். செல்லைவிட்டு வெளியே போய்த் தொற்றும் கட்டமும் இதற்குக் கிடையாது. மொட்டுவிடும்போதும் புணரும்போதும் சைட்டோபிளாசத்தோடு போவதுதான் வழி. கொலையாளியும் சாதாரணமும் சேர்ந்தால் நான்கு ஸ்போரும் கொலையாளியாக வருவது அதனால்தான்.

கூட்டின் கணக்குதான் எனக்குப் பைத்தியம் பிடிக்க வைக்கிறது. ஒரு கூட்டில் காக் என்ற கூட்டுப் புரதம் 120, 60 ஜோடிகளாக. கூடவே பாலிமரேஸை ஒட்டிக்கொண்ட காக்-போல் ஒன்றோ இரண்டோ. இந்த விகிதம் எங்கிருந்து வருகிறது? காக் வாசகமும் போல் வாசகமும் 130 எழுத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. நடுவில் மூன்று ஜி, மூன்று யு, ஒரு ஏ. அடுத்தே ஆர்என்ஏ தன்மேல் மடிந்து போட்ட ஒரு சூடோநாட் முடிச்சு. முடிச்சில் இடறும் ரைபோசோம் சில நேரம் ஓர் எழுத்து பின்னால் வழுக்கி, போல் வாசகத்தில் விழுகிறது. அப்படி வழுக்குவது நூற்றுக்கு இரண்டு தடவைக்குச் சற்றுக் குறைவு. 120-க்கு அதைப் போட்டுப் பார், இரண்டு சொச்சம் வரும்! 1992-ல் ஆய்வாளர்கள் டின்மனும் விக்னரும் இந்த வழுக்கலைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். ஏறக்குறைய இருமடங்கு எந்தப் பக்கம் தப்பினாலும் எம்1 நிற்கவில்லை.

எம்1 ஏன் முதலில் விழுகிறது என்றும் கேட்டிருந்தாய். அதற்குச் சொந்தக் கூடும் இல்லை, சொந்தப் பாலிமரேஸும் இல்லை. எல்லாம் எல்-ஏ போடும் சோறு. நீளம் 1.8 கிலோபேஸ் வாக்கில் என்பதால் எல்-ஏ அளவுக்குத் தைத்த கூட்டில் இடம் மிஞ்சும். அதனால் எம்1-ன் புதிய பிளஸ் இழைகளில் சில வெளியே வராமல் உள்ளேயே தங்கி இரண்டாவது ஈரிழையாகின்றன. கூடு நிறைந்த பிறகு வருவதெல்லாம் வெளியேதான். 37 டிகிரிக்கு மேல் வளர்த்தாலோ, புரத உற்பத்தியைத் தடுக்கும் சைக்ளோஹெக்ஸமைடு கொஞ்சம் போட்டாலோ முதலில் ஓடுவது இந்த விருந்தாளிதான். எல்-ஏவையே துரத்த வேண்டுமென்றால் ஈஸ்டின் எம்ஏகே3 மரபணுவை எடுத்துவிடு. காக்கின் முனையில் அசிடைல் என்ற சிறு தொகுதியை ஏற்றுவது அதுதான், ஏறாவிட்டால் கூடு உருவாகாது.

ஜெல்லில் ஒரு திருத்தம். பட்டை ஈரிழை ஆர்என்ஏதான் என்று காட்டப் பையன் ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் ஏ நொதியைத் தண்ணீரில் போட்டிருக்கிறான். உப்பு இல்லாவிட்டால் அது ஈரிழையையும் தின்றுவிடும். 0.3 மோலார் சோடியம் குளோரைடுக்குக் குறையாமல் ஒன்று, உப்பில்லாமல் ஒன்று, டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் போட்டு ஒன்று என்று மூன்றையும் பக்கத்தில் ஓட்டு. முதலாவதில் நின்று, இரண்டாவதில் மறைந்து, மூன்றாவதில் நின்றால்தான் ஈரிழை ஆர்என்ஏ. டிஎன்ஏ லேடரை (நீளம் தெரிந்த டிஎன்ஏ அளவுகோலை) வைத்து நீளம் எழுதவும் வேண்டாம், இரண்டும் ஒரே வேகத்தில் ஓடாது.

"ஈஸ்ட் ஏன் இதைப் பொறுத்துக்கொள்கிறது" என்று புலம்பியிருக்கிறாய். பொறுத்துக்கொள்ளவில்லை. செல்லின் எம்ஆர்என்ஏவுக்கு இருப்பதுபோல் இந்த வைரஸின் ஆர்என்ஏக்கு வாலில் பாலி-ஏ (ஏ எழுத்துச் சரம்) கிடையாது, தலையில் பாதுகாப்புத் தொப்பியும் தானாக வருவதில்லை. தொப்பியில்லாததை எக்ஸ்ஆர்என்1 நொதி மெல்லும். வாலில்லாததை எஸ்கேஐ2, 3, 8 புரதக் கூட்டணி அடக்கும். அதற்குத்தான் காக்கின் 154-வது அமினோ அமிலமான ஹிஸ்டிடின் செல்லின் எம்ஆர்என்ஏ தலையிலிருந்து தொப்பியைப் பறித்து வைரஸ் இழைக்குச் சூட்டுகிறது. இன்னொரு பக்கம், நம் ஈஸ்டான செரிவிசியேயிடம் ஈரிழை ஆர்என்ஏவை வெட்டி அடக்கும் ஆர்என்ஏ குறுக்கீடே இல்லை. அதன் உறவான காஸ்டெல்லி ஈஸ்டிலிருந்து குறுக்கீட்டுப் புரதங்களான டைசர், ஆர்கோநாட் இரண்டையும் கொண்டுவந்து போட்டதும் கொலைத்திறன் போய்விட்டது, 2011-ல் காட்டினார்கள். அந்தக் கருவியைத் தொலைத்த ஈஸ்டுகளுக்குக் கொலையாளி வைரஸ் லாபமாகவே இருந்திருக்கிறது. உன் ஆய்வு முன்மொழிவில் "ஒட்டுண்ணி" என்று போட்டிருக்கிறாயே, எம்1 சுமக்கும் செல்லைப் பற்றிய பத்தியிலாவது அதை அடித்துவிடு.

பிரைமர் வரிசைகளைத் தனியாக அனுப்புகிறேன். பையனைத் திட்டாதே. முதலில் பிஎச் என்ன என்று மட்டும் கேள்.

அன்புடன்,
வாசு