குஞ்சு பொரித்த பிறகு என்ன செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், வீட்டிலேயே வண்ண மீன் வளர்த்துக் குஞ்சு எடுப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தொட்டி, தண்ணீர், தீவனம் எல்லாம் சரியாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் குஞ்சு பொரித்ததோடு கட்டுரை முடிந்துவிட்டது. எனக்குச் சிக்கல் தொடங்கியதே அங்கேதான்.

மேலூரில் வீட்டு முன்னறையில் தையற்கடை வைத்திருக்கிறேன். மிஷினுக்கு இடப்பக்கம் மூன்றடித் தொட்டி, 180 லிட்டர் பிடிக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் அதில் ஒரு ஜோடி கன்விக்ட் சிக்லிட் வாங்கி விட்டேன். மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த மீன். சாம்பல் உடம்பில் கறுப்புப் பட்டை போட்டிருக்கும். ஆண் பெரிது. பெண் சிறிது, வயிற்றோரம் ஆரஞ்சு நிறம் மின்னும். எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. இந்த மீனுக்கோ அது நன்றாக ஒத்துக்கொண்டது.

ஒரு கொட்டாங்குச்சியின் விளிம்பில் சில்லு உடைத்து வாசல் வைத்து, சாயம் இறங்குவது நிற்கும் வரை நாலைந்து தடவை வேகவைத்துத் தொட்டிக்குள் கவிழ்த்து வைத்தேன். அடுத்த மாதமே அதன் உட்பக்கம் முழுக்க முட்டை. பெண் உள்ளேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது. ஆண் வாசலில் காவல். வெள்ளை பூத்துப்போன முட்டைகளை மட்டும் தாய் பொறுக்கித் தின்றது. மூன்றாம் நாள் பொரித்தது. அப்போது அவற்றால் நீந்த முடியாது, வால் மட்டும் துடிக்கும். தாயும் தகப்பனும் மணலில் குழி தோண்டி, குஞ்சுகளை ஒவ்வொரு வாயாக அள்ளிக் கொண்டுபோய் அங்கே சேர்த்தன. ஒரு வாரத்தில் எல்லாம் எழும்பி, புகை நகர்வது போலத் தாயின் வயிற்றுக்கடியில் நகர்ந்தன.

பொழுது சாயும்போதுதான் பார்க்க வேண்டும். விலகிப்போன குஞ்சுகளை வாயில் கவ்வி வந்து குழிக்குள் துப்பும். துப்பியது திரும்ப வெளியே ஓடினால் மறுபடியும் பிடித்து வரும். பகலில் அடியில் கிடக்கும் பாதாம் இலையை இழுத்துப் புரட்டிவிடும், குஞ்சுகள் அதன் கீழே மேய்வதற்காக. ஜாக்கெட்டைத் தைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிடும். என் இரண்டு பிள்ளைகளையும் தனியாக வளர்த்தவள் நான். அப்பனும் ஆத்தாளும் சேர்ந்து நின்று பிள்ளை காப்பதைப் பார்த்துக் கண் கலங்கியிருக்கிறேன்.

அவித்த மஞ்சள் கருவை மல் துணியில் முடிந்து, பிழிந்து கொடுத்தேன். ஒரு சொட்டு கூடினாலும் தண்ணீர் கெட்டுவிடும். அப்புறம், குஞ்சுகளுக்கு இரையாகும் ஆர்ட்டீமியா என்ற பொடி இறாலின் முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டு, ஒரு நாள் காற்றடித்துப் பொரிக்க வைக்கப் பழகினேன். முதல் ஈட்டில் 40 குஞ்சு தேறியது. அடுத்ததில் 150. மூன்றாவது ஈட்டை எண்ணவே முடியவில்லை. முந்தின குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்ததுமே தாய் மறுபடியும் கொட்டாங்குச்சிக்குள் போய்விடுகிறது. வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன சென்னைக் கொளத்தூர்க்காரர்களைப் போலச் சம்பாதிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். கொளத்தூரில் தெருவுக்குத் தெரு தொட்டியும் வியாபாரியும் உண்டு. மேலூரில் எனக்கு யார் இருக்கிறார்கள்? ஜோடியை விற்ற கடைக்காரரே, சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பக்கத்து வீட்டு அக்கா, “கண்மாயில விட்டுரு, புண்ணியமாப் போகும்” என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு போனேன். கரையில் ஒருவர் வீச்சுவலையை இழுத்துக் கொட்டிக்கொண்டிருந்தார். வலை நிறைய ஜிலேபி மீன். “அயிரை, கெளுத்தி கிடைக்காதா அண்ணே?” என்று கேட்டேன். “அதெல்லாம் அப்ப. இப்ப எங்க வீசினாலும் இதுதான்” என்றார். சொல்லிக்கொண்டே ஒரு மீனைத் தூக்கினார். அதன் வாயிலிருந்து சீரகம் சிதறியது போலக் குஞ்சுகள் கொட்டின. ஈரக் கரையில் துள்ளிய அந்தக் குஞ்சுகளைப் பார்த்தேன், என் வாளியைப் பார்த்தேன். அப்படியே வாளியோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அப்புறம் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, ஜிலேபியும் சிக்லிட் குடும்பம்தான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மீன், 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தார்கள். தாய் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும். நாட்டு மீன்கள் குறைந்ததற்குச் சாக்கடையும் வறண்ட கண்மாயும் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் தொட்டிக்குள் நான் ரசித்த அதே பிள்ளைப் பாசம், கண்மாய்க்குள் போனால் அயிரைக்கு எமனாகும். இன்னொரு சிக்லிட்டை என் கையால் அங்கே விடுவதாக இல்லை.

வாளியில் திரும்பக் கொண்டுவந்த குஞ்சுகளில் சிலதை, தொட்டி வைத்திருக்கும் இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். பெரும்பகுதியை ஆஸ்கார் என்ற பெரிய மீன் வளர்க்கும் ஒரு தம்பி இரைக்கு வாங்கிக்கொண்டார். மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் கண்மாயில் விடுவதைவிட அது மேல். இப்போது தொட்டிக்கு நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்து ஆணையும் பெண்ணையும் பிரித்திருக்கிறேன். பெண் தனியாகவும் முட்டை வைக்கும், அது பொரிக்காது. பிரிக்க மனமில்லாதவர்கள், முட்டை வைத்த அன்றே கொட்டாங்குச்சியை வெளியே எடுத்துவிடலாம்.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது, ஜோடி வாங்கும் முன்பே குஞ்சுகளை யார் வாங்கிக்கொள்வார்கள் என்று கேட்டு வைக்கச் சொல்லுங்கள். மிஞ்சிய மீனைக் குளத்திலோ கண்மாயிலோ விடக்கூடாது என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். மீன் விற்கும் கடைகளும், வேண்டாதவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு தொட்டியாவது ஒதுக்க வேண்டும். விற்கத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய செலவில்லை.

என்னிடம் இன்னும் 26 குஞ்சுகள் இருக்கின்றன, ஒன்றரை அங்குலம் வளர்ந்துவிட்டன. மேலூர்ப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் காசு வேண்டாம். உங்கள் தொட்டியைப் போட்டோ எடுத்து வந்து காட்டினால் போதும்.

இப்படிக்கு,
தையற்கடை நடத்தும் வாசகி,
மேலூர், மதுரை மாவட்டம்.