பேத்தி கேட்ட நீல மீன்

சென்னை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை இழுத்துக்கொண்டே போனதில் உடனே உட்கார்ந்து எழுத முடியவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று படித்ததும்தான் மனசு நிம்மதியானது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடச் சொல். இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவன் வேலைக்காகக் கோயம்புத்தூர் போய்விட்டான். சாயங்காலமானால் வீட்டில் மீன் தொட்டியின் மோட்டார் சத்தம்தான்.

பேத்தி நீல டாங் என்கிற கடல் மீனைக் கேட்டு அடம்பிடிக்கிறாள், இரண்டரை அடித் தொட்டியும் வாங்கியாகிவிட்டது, குஞ்சு மீன்தானே, விடலாமா என்று கேட்டிருந்தாய். விடாதே மாப்ளே. நான் விட்டவன், அதனால் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என்னிடம் இருந்தது மூன்றடித் தொட்டி. பாறையும் மணலும் போக 150 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் ஒரு ஜோடி கோமாளி மீன் ஒரு வருஷமாக நன்றாக இருந்தது. ஒருநாள் கடையில் கட்டைவிரல் நீளம்கூட இல்லாத டாங் குஞ்சைப் பார்த்தேன். மை ஊற்றினாற்போல நீலம், வாலில் எலுமிச்சை மஞ்சள். மறுபேச்சில்லாமல் வாங்கிவந்து, அன்றைக்கே தொட்டியில் விட்டேன். இரவு லைட்டை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், பாறை இடுக்கில் ஒருக்களித்துக் கிடக்கிறது. நீலமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. செத்துவிட்டதென்றே நினைத்தேன். விடிந்ததும் பார்த்தால் கண்ணாடி ஓரம் துடிப்பாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது! அது தூங்குகிற விதமே அப்படித்தான். கடலில் இந்தக் குஞ்சுகள் கிளை விரித்த பவளத்தை ஒட்டிக் கூட்டமாகத் திரியும், பயந்தால் கிளைகளுக்குள் புகுந்து தங்களை இறுக்கிக்கொள்ளும்.

ஒன்பதாம் நாள் துடுப்பில் ரவை ஒட்டினாற்போல நாலைந்து வெள்ளைப் புள்ளி. மறுநாள் உடம்பு முழுக்க. பாறையில் போய்ப் போய் உரசியது, மூச்சு இரைத்தது. பன்னிரண்டாம் நாள் போய்விட்டது. அது கொண்டுவந்த நோயில் கோமாளி மீன் இரண்டும் பின்னாலேயே போயின. கடல் மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய் அது, ஒட்டுண்ணியால் வருவது. டாங் வகைக்குத்தான் முதலில் பிடிக்கும். ஒட்டுண்ணி சில நாள் மீனின் தோலில் இருந்து தின்னும், பிறகு உதிர்ந்து மணலிலும் பாறையிலும் கூடு கட்டிக்கொண்டு பெருகும், கூடு உடைந்ததும் நூற்றுக்கணக்கில் வெளியே வந்து மறுபடி மீனைத் தேடும். புள்ளி மறைந்துவிட்டதென்று நாம் சந்தோஷப்படுகிற நேரத்தில் அது தரையில் பெருகிக்கொண்டிருக்கும். செம்பு மருந்து கேட்கும், ஆனால் அதைப் பவளமும் இறாலும் இருக்கிற தொட்டியில் ஊற்றினால் அவை சாகும். புது மீனை ஒரு மாதமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்த்திருந்தால் மூன்று உயிர் பிழைத்திருக்கும். அந்த அவசரம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் தொட்டியை மீன் இல்லாமல் 76 நாள் ஓட்டினேன். ஒட்டிக்கொள்ள மீன் கிடைக்காவிட்டால் ஒட்டுண்ணி அழிந்துபோகும். அதன் பிறகு கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குப் போய் இன்னொரு டாங் குஞ்சு வாங்கி, ஆறு வாரம் தனியாக வைத்திருந்து, பிறகுதான் உள்ளே விட்டேன்.

இது பிழைத்தது. நம்ம ஊர் ஓரா மீன் தெரியுமில்லையா, அதற்கு ஒருவகையில் சொந்தம். ஓராவுக்கு முதுகில் விஷ முள், இதற்கு வாலடியில் இரண்டு பக்கமும் கத்தி மாதிரி மடக்கு முள். சர்ஜன் மீன் என்று பேர் வந்ததே அதனால்தான். வலையில் பிடித்தால் முள் சிக்கிக் கிழிந்துபோகும், பிளாஸ்டிக் டப்பாவில்தான் அள்ள வேண்டும். கடலில் தண்ணீரோடு மிதந்து வரும் பொடி உயிர்களைத் தின்னும், பாசியும் கடிக்கும். அதனால் காலையில் உறைய வைத்த பொடி இறால், மதியம் உப்பும் எண்ணெயும் சேராத நோரித் தாள், அதாவது காயவைத்த கடல்பாசித் தாள். தாளைக் கிளிப்பில் மாட்டிக் கண்ணாடியில் ஒட்டினால், வாயைக் குவித்துக்கொண்டு நறுக் நறுக்கென்று ஓரத்திலிருந்து கடித்துக்கொண்டே வரும். இப்போது நான் தாள் பாக்கெட்டைப் பிரிக்கிற சத்தத்துக்கே முன்னால் வந்து நிற்கிறது.

தண்ணீர் விஷயத்தில் இந்த மீனிடம் ஏமாற்று வேலை நடக்காது. உப்படர்த்தி 1.025, சூடு 26 டிகிரி. சென்னை வெயிலுக்கு, தண்ணீரைக் குளிர வைக்கிற சில்லர் இல்லாமல் முடியாது, தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் குறைந்துவிடும். கரண்ட் போனால் பேட்டரி பம்ப். ஆவியாகிற தண்ணீருக்கு ஈடாக நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாகாதே.

இத்தனையும் செய்தும் ஒன்றை மட்டும் என்னால் செய்ய முடியவில்லை. தொட்டியை நீட்ட முடியவில்லை. ஐந்து சென்டிமீட்டரில் வந்தது இப்போது பதினாலு. முழுசாக வளர்ந்தால் முப்பது, ஒரு அடி! ஒன்றரை அடி அகலத்தில் அது திரும்புவது எப்படி? ஆறு மாதமாகக் கவனிக்கிறேன்: ஒரு முனையிலிருந்து விருட்டென்று வரும், நாலு வால் வீச்சில் மறுமுனைக் கண்ணாடி, டக்கென்று திரும்பும். நாள் முழுக்க இதேதான். குஞ்சாக இருந்தபோது விளையாட்டென்று நினைத்துச் சிரித்தேன். இப்போது பார்க்கப் பொறுக்கவில்லை. ஈ.சி.ஆர். பக்கம் ஒரு நண்பரிடம் எட்டடித் தொட்டி இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. கடைக்கு வருகிற நீல டாங்கில் அநேகம் கடலில் பிடித்தவை. பவளக் கிளையை உடைத்து உதறிப் பிடிப்பதும், சில நாடுகளில் சயனைடு தெளித்துப் பிடிப்பதும் நடக்கிறது. 2016-ல் புளோரிடா பல்கலைக்கழகத்தார் இதைத் தொட்டியிலேயே முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டினார்கள். ஆனாலும் கோமாளி மீன் மாதிரி அது எளிதான காரியம் இல்லை, குஞ்சு அவ்வளவு பொடிசு.

கோமாளி மீன் என்றதும்தான் ஞாபகம். உங்கள் மண்டபம் ஊரிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் அதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறார்கள். அங்கே ஒரு நடை போய், பண்ணையில் பிறந்த குஞ்சு எங்கே கிடைக்கும் என்று கேள். உன் இரண்டரை அடிக்கு ஒரு ஜோடி தாராளம். அது ஒரு மூலையை வீடாக்கிக்கொண்டு அங்கேயே இருக்கிற மீன். பேத்திக்கும் சீக்கிரம் பழகிவிடும். தொட்டிக்குள் வைக்கிற பாறைக்காகக் கடலில் கை வைத்துவிடாதே. நாம் சின்ன வயதில் கரையில் குவிந்து கிடந்த பவளப்பாறை மேல் ஏறிக் குதித்த காலம் வேறு. 2001-லிருந்து பவளத்துக்கு வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. செயற்கைப் பாறையே போதும்.

இப்போதே தண்ணீர் நிரப்பி ஓடவிடு. புதுத் தண்ணீரில் மீனுக்கு விஷமான அம்மோனியா ஏறி இறங்கி அடங்க ஒரு மாதம் பிடிக்கும், அதுவரை ஒரு மீனும் வேண்டாம். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், உப்பு அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டரையும் தண்ணீரைச் சோதிக்கிற டெஸ்ட் கிட்டையும் எடுத்து வருகிறேன். பேத்தியிடம், நீல மீனை எட்டடித் தொட்டியில் நீந்தவிட்டு வீடியோ எடுத்து வருவதாகச் சொல்.

அம்மாவுக்கு என் வணக்கம். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

உன்
மச்சான்