ஜப்பான் வேலை: சம்பளம் மட்டும் பேசினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டுப் பிள்ளைகள் கடல் தாண்டிப் பிழைக்கப் போவது புதிதல்ல, இப்போது ஜப்பானுக்கும் கிளம்புகிறார்கள், ஆனால் ஏஜென்ட்டுகள் சம்பளத்தைத் தவிர வேறெதையும் வாய் திறப்பதில்லை. நாகோயா பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

காலையில் வானொலி இசைக்கு எல்லோரும் கைகாலை வீசி உடற்பயிற்சி செய்வார்கள், 1928இல் தொடங்கிய வழக்கம் அது, மேலாளருக்கும் அதே சீருடைதான். எனக்கு ரொம்பப் பிடித்தது தலைக்கு மேல் தொங்கும் கயிறு. கோளாறு தெரிந்தால் நேற்று சேர்ந்தவனும் இழுக்கலாம், விளக்கு எரியும், லீடர் ஓடி வந்து "என்ன ஆச்சு?" என்பாரே தவிர "யார் செய்தது?" என்று கேட்க மாட்டார், சட்டென்று சரியாகாவிட்டால் லைனே நின்றுவிடும். நம்மூரில் மெஷினை நிறுத்திப் பாருங்கள், தெரியும்!

அதற்காக எல்லாம் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். மேலதிகாரி எழாமல் யாரும் வீட்டுக்குக் கிளம்புவதில்லை. ஓவர்டைமுக்கு மாதம் 45 மணி, ஆண்டுக்கு 360 மணி என்ற வரம்பு 2019 முதல் சட்டத்தில் இருக்கிறது, அவசரமென்றால் மீறவும் அதிலேயே வழி உண்டு. நாங்கள் வேலை முடிந்ததென்று வருகை அட்டை தேய்த்த பிறகும் கூட்டம் நடக்கும், அதற்குக் காசு வராது, கேட்கவும் கூச்சம்.

ஒப்பந்தத்தைத் தமிழில் தராத ஏஜென்ட்டிடம் பணம் கட்டாதீர்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகமும் போய்வந்தவர்களைக் கூப்பிட்டுப் பேச வைக்கலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி