ஐந்தாவது தகிட

சோழவந்தான்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகன் முத்துக்குமாருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். வெற்றிலைக்கு இந்த மாதம் விலை இல்லை என்று உன் மாமா கொடிக்காலே கதியாகக் கிடக்கிறார். நீ அனுப்பிய டிரம்ஸ் பதிவை இந்த 26 நாட்களில் எத்தனை முறை கேட்டேன் என்பதை உன் அம்மாவைத்தான் கேட்க வேண்டும். பதிவுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை.

பதினாறு அடியை, மூன்றடித் தகிட நான்கும் நான்கடித் தகதிமி ஒன்றுமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் முதலடியிலும் அழுத்தம் கொடுக்கிறாய். கால் 1, 5, 9, 13 என்று பேஸ் டிரம்மை மிதிக்க, கை 1, 4, 7, 10, 13 என்று அழுத்துகிறது. இரண்டும் சேர்வது முதலடியிலும் பதின்மூன்றிலும் மட்டுமே. தவில்காரன் பிள்ளை தொட்டிலிலேயே கேட்ட கணக்கு என்று அம்மாவிடம் பெருமை பேசினேன். ஆனால் மூன்றாவது சுற்றில் தகதிமி வர வேண்டிய இடத்தில் ஐந்தாவதாகவும் ஒரு தகிட விழுந்து, அடுத்த அழுத்தம் பதினாறாம் அடியிலேயே வந்துவிட்டது. உடனே நிறுத்திவிட்டாய். கால் சரியாகத்தானே போய்க்கொண்டிருந்தது? காலை நம்பித் தொடர்ந்திருந்தால் அடுத்த சுற்றில் சேர்ந்திருக்கலாமே!

கணக்கு உனக்குத் தெரியும், தம்பி. இடக்கைதான் பின்தங்குகிறது. வலம், இடம் என்று மாற்றி மாற்றி அடிக்கும்போது மூன்று மூன்றாகப் போகும் அழுத்தம் கை மாறிக்கொண்டே வரும். நான்கும் பத்தும் இடக்கைக்கு விழும். அவை இரண்டும் மங்கிக் கேட்கின்றன. தவிலில் நமக்கு இடக்கையில் குச்சி, வலக்கை விரல்களில் கூடு. இரண்டின் குரலும் வேறு. உனக்கோ ஒரே ஸ்நேர் டிரம்மில் இரண்டு குச்சிகளும் ஒரே குரலில் பேசியாக வேண்டும். ஆகவே இரண்டாம் அடியைத் தாழ்வாக அடித்த இடக்கை, அப்படியே மேலெழுந்து நான்காம் அடிக்குக் காத்திருக்க வேண்டும்; நான்கை அடித்ததும் குச்சி துள்ளாமல் தோலுக்கு இரண்டு விரற்கடை உயரத்தில் நின்று, ஆறைத் தாழ்வாக அடிக்க வேண்டும். எட்டில் மறுபடி எழ வேண்டும். ஓங்கி அடிப்பதால் அழுத்தம் வராது. மற்ற அடிகளை அடக்கினால் அதுவாகவே தெரியும். மெதுவாக வாசி. வாயால் சொல்லிக்கொண்டே வாசி. வேளைக்குச் சாப்பிட்டுவிட்டு வாசி. காலம் தட்டும் மெட்ரோநோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்துக்கொண்டு மெதுவாக வாசி.

உன் அறையில் இருக்கும் பையன், நீ டிரம்ஸ் செட்டை விற்க விலை கேட்பதாக மாமாவிடம் சொன்னானாம். அதைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. பெற்றவனிடம் இரண்டு நிமிடம் பேச நேரமில்லாத பிள்ளைக்கு இவ்வளவு எழுதுவதே அதிகம்.

ஆனால் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. 1998-இல் ஒரு மாப்பிள்ளை அழைப்பில், நானும் உன் சித்தப்பாவும் தவில் தனி வாசித்தபோது, முடிக்கும் கோர்வையில் ஒரு தகிட கூடிப்போய், முடிவடியான அறுதி மூன்று மாத்திரை தள்ளி விழுந்தது. கூட்டியது நான். நாகசுரக்காரர் திரும்பிப் பார்த்ததும் நான் உன் சித்தப்பாவை முறைத்தேன். அவன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அன்றிரவு விரலிலிருந்து கழற்றிய கூட்டை அவன் மறுபடி மாட்டவேயில்லை என்பது நீ அறிந்ததுதான். ஏன் என்பது உன் அம்மாவுக்கே தெரியாது. அவனுக்குக் கணக்கு வராது என்று ஊரெல்லாம் சொன்னேன். உன்னிடமும் சொல்லித்தான் வளர்த்தேன். உன் பதிவில் அந்த ஐந்தாவது தகிட விழுந்தபோது அவன் முகம்தான் என் கண்முன் வந்தது.

அமாவாசை கழித்து அவன் வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். உன் பதிவை அவனுக்குப் போட்டுக் காட்டலாமா என்று எழுது. அதன் கடைசியில் குச்சி தரையில் விழுந்து உருளும் ஓசை கேட்கிறது, எடுத்து வைத்தாயா?

இப்படிக்கு,
உன் அப்பா